எங்கள் ஊர் மதில் மாதிரி வராது

இத்தாலியில் மதில்வாசி என்று ஒரு வகை மனிதன் உண்டு. மதில் சூழ்ந்த ஊரில் பிறந்துவிட்டால் மட்டும் ஒருவன் மதில்வாசி ஆகிவிட முடியாது. அடுத்த ஊர் மதிலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அவனைக் கண்டுபிடிப்பது சுலபம். வெளியூர்க் கோட்டை வாசலுக்கு முன்னால் காரை நிறுத்துவான், இறங்குவான், இடுப்பில் கை வைத்து மேலும் கீழும் பார்ப்பான், சந்தையில் மாட்டைத் தட்டிப் பார்ப்பதுபோல் செங்கல்லை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவான், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கொஞ்சம் யோசிப்பான், பிறகு சொல்வான்: "பரவாயில்ல." அந்த ஒரு சொல்லில் இருக்கும் கொலைபாதகம் எந்த வசவிலும் கிடையாது.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் லூக்கா ஊர்க்காரன். எங்கள் மதிலின் மேல் இருபுறமும் மரங்கள் நிற்க, நடுவில் சாலையே ஓடுகிறது. அதில்தான் சைக்கிள் பழகினேன், அதில்தான் ஓர்னெல்லாவைக் காதலித்தேன், இப்போது டாக்டர் சொன்னதற்காக அதில்தான் மூச்சிரைக்க நடக்கிறேன். எங்கள் மதிலைத் தாக்க எந்த எதிரிக்கும் துணிச்சல் வந்ததில்லை என்று நான் சொல்லும்போதெல்லாம், என் மனைவியாகிவிட்ட அதே ஓர்னெல்லா, "எவனுக்கும் வேண்டாத ஊரா இருந்திருக்கும்" என்பாள். அவள் கடற்கரை ஊர்க்காரி. மதிலே இல்லாத ஊரில் பிறந்தவளிடம் என்னத்தைப் பேசுவது?

போன வசந்தத்தில் எங்கள் மகள் ஜினேவ்ரா தனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டாள். பையன் ஆல்வீசே தங்கமானவன். ஒரே குறை, வடக்கே சிட்டாதெல்லாக்காரன். அந்த ஊரைச் சுற்றியும் முழு மதில் நிற்கிறது. சம்பந்தி வீட்டைப் பார்க்கக் காரில் கிளம்பியதும் பின் சீட்டிலிருந்து ஜினேவ்ரா ஆரம்பித்தாள்.

"அப்பா, அங்க போய் மதிலைப் பத்தி ஒரு வார்த்தை பேசுனீங்க, நாங்க ரெண்டு பேரும் நகராட்சி ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு உங்களுக்கு போன்ல சொல்லிடுவோம். கோயிலும் கிடையாது, கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போறதும் கிடையாது."

கல்யாணத்தன்று கோயிலில் அவளைக் கைபிடித்துப் பீடம் வரை கூட்டிப்போகும் அந்தச் சில அடிகளை, அவள் நடக்கப் பழகிய நாளிலிருந்து மனதுக்குள் நடந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். சத்தியம் செய்தேன்.

"சத்தியமெல்லாம் தாங்காது. வழியில ரெண்டு மதிலூர்ல நிறுத்தலாம். உள்ள இருக்கறதையெல்லாம் அங்கயே கொட்டிட்டு வரட்டும்" என்றாள் ஓர்னெல்லா.

ஃபெராராவில் கொட்டினேன். "மண்மேட்டுக்குச் செங்கல் சட்டை மாட்டி வெச்சிருக்கான். மேல சைக்கிள் வேற விடறான் பாரு. யாரைப் பார்த்துக் கத்துக்கிட்டானாம்?" அடுத்து மோன்தஞானா. அங்கே ஊரைச் சுற்றிக் கோபுரம் கோபுரமாக, நேற்றுக் கட்டி முடித்ததுபோல ஒரு மதில் நின்றது. செங்கல்லைத் தட்டிப் பார்க்கக்கூட மறந்து நின்றேன்.

"ஏங்க, ஒடம்புக்கு ஒண்ணுமில்லயே?"

"கோபுரம் நிறைய இருக்கு. மேல நிழலுக்கு ஒரு மரம் உண்டா?"

"அப்பாடா, நல்லாத்தான் இருக்காரு" என்று அவள் மகளிடம் சொன்னாள்.

சிட்டாதெல்லா வாசலிலேயே சம்பந்தி போர்த்தொலோ காத்திருந்தார். கட்டிப்பிடித்தார், கன்னத்தோடு கன்னம் வைத்தார், "சாப்பாடு எங்க ஓடிடப்போகுது?" என்று எங்களை நேரே மதில் மேல் ஏற்றிவிட்டார். உச்சியில் நின்று செங்கல்லை இரண்டு தட்டுத் தட்டினார்.

"என்ன சொல்றீங்க சம்பந்தி?"

ஜினேவ்ராவின் பார்வை என் பிடரியைச் சுட்டது. 'பிரமாதம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"பரவாயில்ல."

போர்த்தொலோ செங்கல்லிலிருந்து கையை எடுத்தார். "உங்க ஊர் மதிலையும் பாத்திருக்கேன். குழந்தைங்க வெளையாட நல்ல எடம். பூங்கா மாதிரி."

பூங்காவாம். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆல்வீசே அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பல்லைக் கடித்துக்கொண்டு நான் வயல்வெளியை வெறித்தேன். போர்த்தொலோவும் அதே பக்கம் வெறித்தார்.

"அதோ, அங்கதான் காஸ்தெல்ஃப்ராங்கோ. அவங்களும் ஒரு மதில் வெச்சிருக்காங்க" என்றவர் உதட்டைப் பிதுக்கினார்.

அந்தப் பிதுக்கல்! என் கூடப்பிறந்தவனைக் கண்டதுபோல் இருந்தது.

"என்ன வடிவம்?"

"சதுரம்."

"சதுரமா? ஆட்டுப்பட்டியா அது?"

அந்த ஊரை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. அதனால் என்ன? போர்த்தொலோ என் தோளில் கை போட்டார். கீழே இறங்கி, சோளக்களிக்கும் சிவப்பு ஒயினுக்கும் நடுவே நாங்கள் இருவரும் காஸ்தெல்ஃப்ராங்கோ மதிலைச் செங்கல் செங்கலாகப் பெயர்த்து எறிந்தோம். இவ்வளவு நல்ல மனிதரை இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்றே என்று எனக்கு உண்மையாகவே வருத்தம்.

பிள்ளைகள் இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"அப்பா," என்றாள் ஜினேவ்ரா. "உங்க ரெண்டு பேருக்கும் சண்டை வரக்கூடாதுன்னு, ரெண்டு ஊரும் வேண்டாம், பொதுவா ஒரு ஊர்னு முடிவு பண்ணி, கோயில்ல தேதியும் வாங்கிட்டோம்."

"எந்த ஊரு?"

ஆல்வீசே தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "காஸ்தெல்ஃப்ராங்கோ."

ஓர்னெல்லா சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

செப்டம்பரில் கல்யாணம். அந்தச் சதுர மதிலின் வாசல் வழியாகத்தான் என் மகளைக் கைபிடித்துக் கூட்டிப்போனேன். "அப்பா, வாயத் தொறக்காதீங்க" என்றாள் காதோடு. திறக்கவில்லை. திறந்திருந்தால் அழுகைதான் வந்திருக்கும். ஆனால் வாசலைத் தாண்டும்போது, சும்மா இருந்த இடது கை தானாகவே நீண்டு செங்கல்லை இரண்டு தட்டுத் தட்டியது. கோயில் படியில் நின்ற போர்த்தொலோ, எப்படி என்று புருவத்தால் கேட்டார். கண்ணீரோடு உதட்டைப் பிதுக்கினேன்.

சிரிக்கிறீர்கள். உங்கள் ஊரில் மதில் இல்லை என்ற தைரியம். மதில் எதற்கு? அன்றைக்கு அடுத்த ஊரில் உங்களுக்காகவே புதிதாக டிகாஷன் இறக்கி, காப்பி கலந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உங்கள் முகத்தையே பார்த்தபடி நின்றார்களே. ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்து என்ன சொன்னீர்கள்?