பல் டாக்டரின் ஃபிரிட்ஜுக்குள் ஒரு லினக்ஸ் பெட்டி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். டிவிக்கு மட்டும் நாலு நாளாகச் சுகமில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ வாங்கச் சொன்ன பெட்டி இப்போது ஃபிரிட்ஜுக்குள், காய்கறித் தட்டில் இருக்கிறது. அதுவும் நம் ஃபிரிட்ஜ் இல்லை. ரிப்பேர் முடிந்து, ஓட்டம் பார்ப்பதற்காகக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிற பல் டாக்டருடைய ஃபிரிட்ஜ். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய் என்றுதான் கடிதம்.

நீ ஏழு மணிச் செய்திக்குச் சைகை மொழி சொல்ல ஆரம்பித்த நாளிலிருந்து அம்மா ஃபோனை மூக்கில் ஒட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். உங்கள் சேனலோ இன்டர்நெட்டில் மட்டும் வருகிறது. அதில் நீயோ மூலையில் ஒரு வட்டத்துக்குள் நிற்கிறாய். எங்கள் ஃபோனில் அந்த வட்டம் சட்டைப் பொத்தான் அளவு. காது கேட்காத அம்மாவுக்கு, தான் சொல்லிக்கொடுத்த கைப்பேச்சை மகள் ஊருக்கே சொல்வதைக் கண் நிறையப் பார்க்க வேண்டும். பொத்தானில் எதைப் பார்ப்பது? மூன்றாம் நாள் ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, "உங்க மக செய்தி சொல்றாளா, ஈ ஓட்டுறாளா?" என்று கையாலேயே கேட்டாள். கவனி, நல்லது நடந்தால் நீ அவள் மகள். இல்லாவிட்டால் என் மகள்.

உடனே நீ எழுதினாய்: டிவியில மாட்டுற பெட்டி ஒண்ணு, சின்னதா, லினக்ஸ் போட்டதா வாங்குங்கப்பா, வேண்டாத சாமான் எதுவும் அதில் இருக்காது, ஆன் பண்ணினா நேரா சேனல் வரும், இன்டர்நெட் ஒயர் மாட்ட ஓட்டை இருக்கான்னு மட்டும் பாருங்க என்று. போனேன். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று கட்டைவிரல் அளவு, அதில் ஒயர் ஓட்டையே கிடையாது. இன்னொன்று ஆண்ட்ராய்டு, அதில் விளையாட்டு, பாட்டு, கடைகண்ணி என்று நூற்றெட்டு சமாச்சாரம். மூன்றாவது சோப்பு டப்பா மாதிரி, அதுதான் லினக்ஸ். சாருக்கு லினக்ஸ் பழக்கமா என்று கேட்டார். பழக்கம்தான் என்றேன். முப்பது வருஷமாக ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன் ஒரு மெஷினைத் தெரியாது என்று சொல்லிவிட்டுத் தெருவில் தலைகாட்ட முடியுமா? தொழில் முறைப்படி தூக்கிப் பார்த்தேன், கனமில்லை. காதில் வைத்துப் பார்த்தேன், மோட்டார் சத்தமில்லை. தட்டிப் பார்த்தேன், தட்டாதீங்க சார் என்றார். அதற்கு மேல் எனக்குத் தெரிந்த பரிசோதனை எதுவும் மிச்சமில்லாததால் நீ சொன்னதையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் உங்கள் சேனலின் விலாசத்தை ரிமோட்டில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அமுக்க வேண்டியிருந்தது. மொத்தம் முப்பத்தோரு எழுத்து. ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் மேலே விழுந்ததிலிருந்து நிமிராமலே போன என் வலது சுண்டுவிரல் ஒவ்வொரு தடவையும் அழிக்கிற பட்டனில் போய் உட்கார்ந்தது. நாலாவது தடவை அம்மா ரிமோட்டைப் பிடுங்கி ஒரே மூச்சில் முடித்தாள். விளம்பரம் பளிச்சென்று வந்தது. செய்திக்கு இன்னும் கால் மணி இருந்தது. அந்தக் கால் மணியில் நான் சும்மா இருந்திருக்கலாம். பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. சூடான மெஷினைப் பார்த்துவிட்டு என்னால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? பக்கத்திலேயே ஃபிரிட்ஜ். உள்ளே வைத்தேன். கரன்ட் ஒயரும் டிவி ஒயரும் கதவு ரப்பருக்கு இடையில் வெளியே வந்தன. மூன்றாவதாக இன்டர்நெட் ஒயரையும் விட்டால் குளிர் கசியும். அது தொழில் தர்மம் இல்லை. ஒயர் இல்லாமலும் வேலை செய்யும் என்று அட்டையில் போட்டிருந்ததை நம்பிக் கதவைச் சாத்தினேன். ஏழு மணிக்கு நீ வந்தாய். ஒரு கையைத் தூக்கினாய். அப்படியே நின்றுவிட்டாய், பஸ்ஸை நிறுத்துகிறவள் மாதிரி. நாலு நாளாக அதே பஸ்தான்.

இன்டர்நெட் கம்பெனிக்காரர் வந்து பார்த்தார். கூடம் முழுக்க சிக்னல் கொட்டுது, பெட்டி எங்கே சார் என்றார். உள்ளே இருக்கு என்றேன். படுக்கையறை வரை போய்த் தேடிவிட்டு வந்தார். ஃபிரிட்ஜைத் திறந்து காட்ட எனக்கு மனசு வரவில்லை. இதற்கு நடுவில் அம்மா வேறு தினமும் முதுகுப் பக்கம் நின்று சட்டையை இழுத்தாள். டீ ஆறுகிறது என்கிறாள் என்று நினைத்து, திரும்பாமலே தலையாட்டினேன். நேற்று, தப்பு லினக்ஸ் மேல்தான் என்று நான் கையால் விளக்க ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கண்ணை மூடினால் நம் வீட்டில் விவாதம் முடிந்தது என்று உனக்கே தெரியும்.

ஆகவே, லினக்ஸுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். குளிர் தாங்குகிற வேறு பெட்டியாக நீயே பார்த்துச் சொல். உன் கைக்கு வலியும் மெஷின்களுக்குச் சூடும் வராமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: மேலே உள்ளதை மறந்துவிடு. உறையை ஒட்டிய பிறகு பல் டாக்டர் வண்டியோடு வந்துவிட்டார், அதனால் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். கதவைத் திறந்தவர், இது என்னங்க என்றார். டெம்பரேச்சர் டெஸ்ட் என்றேன். வேறு வழியில்லாமல் பெட்டியை எடுத்து டிவி மேஜையில் வைத்தேன். அம்மா அந்த மூன்றாவது ஒயரை மாட்டினாள். "நாலு நாளா உங்க முதுகுகிட்ட சொல்றேன், இரும்புக்குள்ள அடைச்சு வச்சா சிக்னல் எப்படிப் போகும்னு. நீங்க தலையாட்டுறீங்க," என்றாள். பெட்டி லேசாகச் சுடும், அது சகஜம்தான் என்று அதோடு வந்த புத்தகத்தில் நாலாம் பக்கத்திலேயே இருக்கிறதாம்.

ஏழு மணிக்கு நீ வந்தாய், எங்கேயும் நிற்கவில்லை. வட்டமே ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. அம்மா அரை மணி நேரம் இமைக்கவில்லை. முடிந்ததும் டிவியைப் பார்த்தபடியே, "எல்லாம் சரி. 'நாளை'ன்னு சொல்லும்போது மட்டும் சுண்டுவிரல் வளையுது. நிமிர்ந்துல்ல இருக்கணும்? எங்க பக்கத்துல யாருக்கும் இந்தக் கோணல் கிடையாது," என்றாள்.

நான் வலது கையை மெதுவாகச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன். அந்த விரலை நீ யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாய் என்று சொல்லவில்லை. சொல்வதென்றால் அந்தக் கையை வெளியே எடுக்க வேண்டுமே.