பரீட்சைக்கு வாங்கிய முதல் பதிப்பு

நிறைய வாசிக்கிற ஒருவனை நம்பி வீட்டுச் சாவியைக் கொடுக்கலாம், கைக்குழந்தையைக் கொடுக்கலாம். அடுத்தவர் பரீட்சைக்குப் புத்தகம் வாங்கும் பொறுப்பை மட்டும் கொடுக்கக் கூடாது. ஊரில் உள்ள வாசகர்கள் யாரும் கோபப்பட வேண்டாம். என்னைப் பற்றித்தான் சொல்கிறேன்.

எனக்குக் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் லோடு அனுப்புகிற வேலை. எந்த லாரி எந்த ஊருக்கு என்று பார்த்து அனுப்பிவிட்டால் மீதி நேரமெல்லாம் வாசிப்புதான். வீட்டில் மூன்று பீரோ நிறையப் புத்தகம். துணிமணி அட்டைப்பெட்டியில் இருக்கும் (அட்டைப்பெட்டிக்கு எங்க ஆபீசுல பஞ்சமில்ல). தெருவில் அறிவாளி என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ள நாற்பத்தாறு வயது வரை எனக்குச் சரியான வாய்ப்பு அமையவில்லை.

அமைத்துக் கொடுத்தவள் என் மனைவி முத்துலட்சுமி. ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் அவள் கம்ப்யூட்டர் லேப் உதவியாளர். அந்தக் கட்டிடத்தில் எந்த வயர் எந்தச் சுவருக்குள் போகிறது என்பது பதினோரு வருடமாக அவளுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். இணையம் நின்றுபோனால் முதல்வர் அவளைத்தான் கூப்பிடுவார். சரிசெய்தபின் நன்றியை வேறு யாருக்காவது சொல்லுவார்.

அந்த வருடம் கல்லூரியில் நெட்வொர்க் பொறுப்பாளர் என்று ஒரு பதவியை உண்டாக்கினார்கள். நிபந்தனை ஒன்றுதான். கம்பெனிகள் ஒப்புக்கொள்கிற நெட்வொர்க்கிங் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். ஜூனில் கல்லூரி திறப்பதற்குள் அவள் அதைக் கொண்டுவந்தால் பதவி அவளுக்கு. இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள். தன் பெயருக்குப் பின்னால் பதினோரு வருடமாக ஒட்டிக்கிடந்த 'உதவியாளர்' என்ற சொல்லை எடுத்துப்போட அவளுக்குக் கிடைத்த ஒரே வழி அது.

நான் திருநெல்வேலி போவதாக இருந்த நாளில் ஒரு சீட்டில் பரீட்சையின் பெயரை எழுதி, 'புதுப் பதிப்பு' என்று அடிக்கோடிட்டுக் கொடுத்தாள். நான் அதை ஒரு பரிந்துரை என்று எடுத்துக்கொண்டேன்.

கடையில் அந்தப் பரீட்சைக்கு இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று அவள் கேட்டது. இரண்டு பாகம், நீலமும் ஆரஞ்சுமாக அட்டை, 'முற்றிலும் திருத்தப்பட்டது' என்று கொட்டை எழுத்து. இன்னொன்று அடித்தட்டில் கிடந்தது. கெட்டி அட்டை, ஒரே பாகம், மேலே ஒரு விரல்கடை தூசி. தட்டித் திறந்து பார்த்தேன். முதல் பதிப்பு.

தமிழ்ப் புத்தகம் வாங்கிப் பழகியவனுக்கு மறுபதிப்பு என்றால் என்ன என்று தெரியும். அட்டை மாறும், தாள் மெலியும், முன்பு இல்லாத எழுத்துப்பிழைகள் குடும்பத்தோடு வந்து குடியேறும். ஆசிரியர் பாடுபட்டு எழுதிய முன்னுரை காணாமல் போய், அந்த இடத்தில் பதிப்பாளர் உரை வந்து உட்கார்ந்திருக்கும். முதல் பதிப்பு ஒன்றுக்காக நான் மதுரை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போயிருக்கிறேன். கம்ப்யூட்டர் புத்தகத்துக்கு வேறு சட்டம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டின் முன்னுரைகளையும் நின்றபடியே வாசித்தேன். புதியதில் முன்னுரை என்ற பெயரில் கட்டம் கட்டமாகக் குறிப்புகள். பழையதில் ஆசிரியர் நான்கு பக்கம் நல்ல உரைநடை எழுதியிருந்தார். ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரைத் தேடிப் போவதை, முகவரிச் சீட்டோடு புது ஊரில் வந்து இறங்கும் மனிதனோடு ஒப்பிட்டிருந்தார். கடைசியில் மனைவிக்கு நன்றி சொல்லியிருந்தார். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

கடைக்காரர் நேர்மையான மனிதர். "அண்ணாச்சி, அது ஓடாது. எடைக்குப் போட எடுத்து வச்சது. பரிச்சைக்குன்னா மேல இருக்கதத்தான் எல்லாரும் வாங்குதாவ" என்றார்.

எல்லாரும் என்ற அந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது. எல்லாரும் வாங்குவதை வாங்கவா நான் மூன்று பீரோ சேர்த்தேன்? அருமை தெரியாத ஆளிடம் பொக்கிஷம் சிக்கிக் கிடக்கிறது என்று முடிவுசெய்து, அவர் மனம் மாறுவதற்குள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கயத்தாறு தாண்டும் வரை எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன்.

முத்துலட்சுமி புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். "பழசால்லா இருக்கு? புதுசுன்னுல்லா எழுதிக் குடுத்தேன்."

பீரோவில் சாய்ந்து நின்றுகொண்டு முக்கால் மணி நேரம் பேசினேன். அடிப்படைகள் மாறுவதில்லை என்றேன். மூலத்தைக் கற்றவனுக்கு உரைகள் தேவையில்லை என்றேன். (கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப நெனச்சாலும் நல்லாத்தான் இருக்கு.) அன்று சாயங்காலம் அவள் தன் அக்காவிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. "புஸ்தக விசயத்துல இவியளுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிரப் போகுது?"

அதைக் கேட்டு நான் பூரித்துப்போனேன். இன்றைக்கும் அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கை ஒரு கணம் நின்றுவிடும்.

இரண்டு மாதம் படித்தாள். கல்லூரி பஸ்ஸில் படித்தாள், குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே படித்தாள். வெளியே கரிசல் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த சித்திரையில், மின்விசிறிக் காற்றில் பக்கம் புரளாமல் இருக்க இட்லித் தட்டை மேலே வைத்துக்கொண்டு படித்தாள். டெலிபோன் லைன் வழியாக ஒரு ஆபீசை இன்னொரு ஆபீசோடு இணைக்கும் அத்தியாயத்தை மட்டும் மூன்று முறை படித்தாள். அது கடினமாக இருந்ததாம்.

புத்தகத்தின் பின்னட்டை உறைக்குள் ஒரு சி.டி. இருந்தது. அதைப் போட்டுப் பார்க்க எங்கள் வீட்டிலும் அவள் லேபிலும் ஒரு மெஷின் இல்லை. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சுதாரித்திருப்பார்கள். சி.டி. அசல் உறையோடு இருப்பது பதிப்பின் மதிப்பைக் கூட்டும் என்றேன் நான்.

ஒருநாள் அவளே கேட்டாள். "இதுல போட்டிருக்க சாமான் ஒண்ணுகூட எங்க லேப்ல இல்லையே. அங்க இருக்கது எதுவும் இதுல இல்ல."

"உங்க காலேஜ் பின்தங்குன காலேஜ்" என்றேன்.

மே கடைசியில் மதுரையில் பரீட்சை. போன், கைக்கடிகாரம், பை எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. எல்லாவற்றையும், கூடவே அந்தப் புத்தகத்தையும் என் மடியில் வைத்துவிட்டுக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

என் பக்கத்து நாற்காலியில் கயத்தாறுக்காரர் ஒருவர் இருந்தார். ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர். அதே பரீட்சையை அடுத்த வேளையில் எழுத வந்திருந்தார். சும்மா இருந்த மனிதரிடம் முதல் பதிப்பின் மேன்மைகளை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டவர், புத்தகத்தை வாங்கி வருடம் போட்ட பக்கத்தைப் பார்த்தார். பொருளடக்கத்தைப் பார்த்தார். தன் பையிலிருந்து பரீட்சைப் பாடங்களின் பட்டியல் ஒன்றை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, இறந்தவர் கண்ணை மூடுவதுபோல் மெதுவாகப் புத்தகத்தை மூடினார்.

"வீட்டம்மா இதத்தான் படிச்சாவளா, அண்ணாச்சி?"

"இதை மட்டும்தான்" என்றேன், பெருமையாக.

அவர் புத்தகத்தை என் மடியில் திருப்பி வைத்தார். "பேருதான் அண்ணாச்சி அதே பேரு. பாடம் மூணு தடவ மாறியாச்சு. இதுல உள்ளதுல பாதிய எடுத்துட்டாவ. இப்பக் கேக்கதுல பாதி இதுல கெடையாது."

அவள் உள்ளே போய்ப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. 

எழுந்து போய் மேற்பார்வையாளர் அம்மாவிடம், உள்ளே இருக்கும் என் மனைவியிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கெஞ்சினேன். என்ன வார்த்தை என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கையில் பரீட்சைப் புத்தகத்தோடு உள்ளே சேதி அனுப்பப் பார்க்கும் ஒருவனை அவர் என்னவென்று நினைப்பார்? புத்தகத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகத் துண்டுத்தாள் தேடினார். பிறகு அதன் பெயரைப் பார்த்தார், வருடத்தைப் பார்த்தார். முகத்தில் இருந்த கடுமை போய்விட்டது.

"இத நீங்க உள்ளயே கொண்டுபோய்க் குடுத்தாலும், காப்பி அடிச்சதா என்னால எழுத முடியாது சார். போய் உக்காருங்க."

எத்தனையோ மதிப்புரைகளை வாசித்திருக்கிறேன். அவ்வளவு சுருக்கமான ஒன்றை அதுவரை வாசித்ததில்லை.

மீதி நேரம் முழுவதும் கண்ணாடி வழியாக அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு முந்தானையை விரலில் சுற்ற ஆரம்பித்தாள். ஒருமுறை விட்டத்தைப் பார்த்தாள். கடைசி அரைமணி நேரம் அவள் அசையவே இல்லை. கயத்தாறுக்காரர் எனக்கு ஒரு டீ வாங்கி வந்து கொடுத்தார். இழவு வீட்டில் கொடுப்பதுபோலக் கொடுத்தார்.

வெளியே வரும்போது கையில் ஒரு தாள் இருந்தது. தேறவில்லை. அதை நான்காக மடித்தாள். போனை வாங்கிக்கொண்டாள், கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டாள். புத்தகத்தை வாங்கவில்லை.

பஸ்ஸில் சாத்தூர் தாண்டும்போது அவள்தான் பேசினாள். "நல்லாத்தான படிச்சேன். எனக்கு மண்டையில ஏறலையோ?"

எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரர் எச்சரித்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

"அப்போ, நான் படிச்சத சரியாத்தான் படிச்சிருக்கேன்?"

"ஆமா."

"நான் ஒரு மக்குன்னு நெனச்சுக்கிட்டே ரெண்டு மணி நேரம் உள்ள உக்காந்திருந்தேங்க" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோவில்பட்டி வரை அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் அவளே பரீட்சையின் பாடப்பட்டியலை இறக்கி அச்செடுத்தாள். நான்கு புத்தகங்களின் பொருளடக்கத்தைப் போனில் பார்த்து, பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக டிக் அடித்தாள். அதிகம் டிக் விழுந்த புத்தகத்தை வாங்கினாள். நீலமும் ஆரஞ்சும்தான். முன்னுரையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆகஸ்டில் மறுபடி எழுதித் தேறிவிட்டாள்.

ஆனால் ஜூன் போயிருந்தது. வெளியிலிருந்து ஒருவரை நியமித்துவிட்டார்கள். எந்த வயர் எந்தச் சுவருக்குள் போகிறது என்று அவர் தினமும் முத்துலட்சுமியிடம் கேட்டார். அவளும் தினமும் சொன்னாள், சான்றிதழைக் கைப்பையில் வைத்துக்கொண்டு. எட்டு மாதம் கழித்து அவர் பெங்களூருக்குப் போனபிறகுதான் பதவி அவளுக்கு வந்தது. அந்த எட்டு மாதமும் சாப்பாட்டில் உப்பு கூட, குறைச்சல் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை (உப்பு சரியாவே இல்ல, அது வேற விசயம்).

இப்போது நான் ஒரு தேங்காய் வாங்கி வந்தாலும் என் கொழுந்தியாள், "வருசம் பாத்து வாங்குனியளா அத்தான்?" என்கிறாள். அதையாவது வீட்டுக்குள் என்று விட்டுவிடலாம். முத்துலட்சுமி ஒவ்வொரு ஜூனிலும் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு, பரீட்சைப் புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று முதல் வகுப்பை நடத்துகிறாள். பெயரைச் சொல்வதில்லை. 'ஒருத்தர்' என்றுதான் ஆரம்பிப்பாளாம்.

போன ஜூனில் அவள் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க லேபுக்குப் போனேன். என்னைக் கண்டதும் முன்வரிசைப் பிள்ளைகள் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். ஒருத்தி எழுந்து நின்று, மிகுந்த மரியாதையோடு, "மேடம், முன்னுரையப் படிச்சிட்டு வாங்குனவிய இவியதானா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றாள் முத்துலட்சுமி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டே. "நல்லாப் பாத்துக்கோங்க."

அதற்குப்பின் அந்தப் பரீட்சையின் பாடத்திட்டம் இன்னொரு முறையும் மாறிவிட்டது. முதல் வகுப்பில் நான் மட்டும் அப்படியே இருக்கிறேன்.