வெள்ளைச்சிக்குப் பிறந்த கருப்புக் குட்டிகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். என் முழங்காலும் உன் அம்மாவின் வாயும் வழக்கம்போல வேலை செய்கின்றன. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் "சரி, வச்சுடறேன்" என்பதற்கு மேல் அப்பா பேசினதே இல்லை என்று குறைப்பட்டவள் நீதானே, அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் என்னவென்றால், நீ விட்டுவிட்டுப் போன வெள்ளை ஷெப்பர்ட் நாய், நம் வெள்ளைச்சி, குட்டி போட்டுவிட்டாள். அத்தனையும் கருப்பு. காலில் மட்டும் கொஞ்சம் பழுப்பு. பேருக்குக்கூட ஒரு வெள்ளை இல்லை. "வெள்ளைக் குட்டி பொறந்தா சொல்லுப்பா, லீவு போட்டுட்டு வந்து தூக்கிட்டுப் போறேன்" என்று நீ சொன்ன அன்றைக்கே உன் அறைக்குத் திரை மாற்றி, மெத்தையை வெயிலில் போட்டு எடுத்து வைத்தவள் உன் அம்மா. குட்டிகளைப் பார்த்துவிட்டு என்னை முறைத்தாள் பார், என்னவோ நானே பெற்றுப்போட்ட மாதிரி.

அவளைப் பார்க்கிற கால்நடை டாக்டரம்மா ஆரம்பத்திலேயே படித்துப் படித்துச் சொன்னார். வெள்ளைச்சியின் இடுப்பைப் படம் எடுத்துப் பார்த்து, இந்த இனத்துக்கு வருகிற மூட்டுக் கோளாறு இவளுக்கு இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஜோடி சேர்க்கவே சம்மதித்தார். வெள்ளைக் குட்டி வேண்டுமென்றால் ஆணும் வெள்ளையாக இருக்க வேண்டும், கிடைக்காவிட்டால் வேறு நிற ஆணாக இருந்தாலும் அதன் அப்பாவோ அம்மாவோ வெள்ளையா என்று விசாரியுங்கள் என்றார். வெள்ளை ஆணுக்கு நான் எங்கே போவேன்? தெருமுனை லாண்டரிக்காரர்தான் மாட்டினார். அவர் நாய் கருப்பு, ஆனால் அதைப் பெற்றவள் வெள்ளைதான் என்று அடித்துச் சொன்னார். வெள்ளை நாய்க்கெல்லாம் காது கேட்காது என்றுகூட ஒரு போடு போட்டார். அதை நம்பி வீட்டுக்கு வந்து வெள்ளைச்சிக்குப் பின்னால் தட்டைத் தட்டிப் பார்த்தேன், அசையவில்லை. உன் அம்மா உள்ளே பிரிட்ஜைத் திறந்தாள், உடனே வெள்ளைச்சி ஒரே ஓட்டமாக ஓடினாள். காதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, திமிர்தான்.

நிறத்தை மட்டும் அவர் வாய்வார்த்தையில் விடுவேனா? பெயின்ட் கம்பெனியில் வருஷக்கணக்காக நிறம் சரிபார்த்தவன் ஆயிற்றே. நேரில் போனேன். கடைக்குப் பின்னால் அழுக்குத்துணி மூட்டைகளுக்கு நடுவில் அந்த ஆணைப் பெற்ற கிழம் போர்த்திக்கொண்டு தூங்கியது. தலை மட்டும் வெளியே. மூக்கோரம், தாடை, புருவம் எல்லாம் சுத்த வெள்ளை. வயசான ஜீவனை எழுப்புவானேன் என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். குட்டிகள் பிறந்த பிறகு சண்டைக்குப் போனபோதுதான் அது எழுந்து உடம்பை உதறிப் போர்வையைத் தள்ளியது. கழுத்துக்குக் கீழே அட்டக்கருப்பு. "மூஞ்சி வெள்ளைதானே சார், மிச்சத்தை யாரு பாக்கறா" என்கிறார் அந்த மனுஷன். டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அது நிறமில்லை, நரை என்றார். உன் அம்மா சும்மா இருப்பாளா? தினமும் கண்ணாடியில் பார்க்கிறவருக்கு நரை தெரியவில்லையாம்.

எனக்கு மனசு ஆறவில்லை. வெள்ளையில் கருப்பைக் கலந்தால் சாம்பலாவது வர வேண்டாமா, எந்த டப்பாவில் கலந்தாலும் அதுதானே நடக்கும் என்று டாக்டரம்மாவிடம் வாதாடினேன். இது பெயின்ட் இல்லை, கலக்காது என்றார். வெள்ளை வெளியில் வர வேண்டுமென்றால் தாயிடமிருந்து ஒரு பங்கு, தகப்பனிடமிருந்து ஒரு பங்கு, இரண்டும் சேர வேண்டுமாம். இந்தக் குட்டிகளுக்குத் தாய் கொடுத்த பங்கு மட்டும்தான் இருக்கிறதாம். "ஒவ்வொண்ணுக்குள்ளயும் வெள்ளை இருக்கு சார். வெளிய காட்டாது, அவ்வளவுதான்" என்றார். பக்கத்தில் நின்ற உன் அம்மா, "எங்க வீட்டுலயும் ஒருத்தர் அப்படித்தான் டாக்டர், பொண்ணு மேல உசுரையே வச்சிருப்பாரு, வாயைத் திறக்க மாட்டாரு" என்றாள். நான் குட்டிகளை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஆகவே நீ இப்போது வர வேண்டாம். டாக்டரம்மாவுக்குத் தெரிந்த இடத்தில் அசல் வெள்ளை ஆண் ஒன்று புதிதாக வந்திருக்கிறதாம். இரண்டும் வெள்ளையாக இருந்தால் எல்லாக் குட்டியும் வெள்ளைதான், சந்தேகமே இல்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், லீவைச் சேர்த்து வை. இதோடு வைத்திருக்கிற போட்டோவில் வெள்ளைச்சி கழுத்தில் பிளாஸ்டிக் புனல் தெரியும், பயப்படாதே, சும்மா நக்கிக்கொண்டே இருக்கிறாள் என்று மாட்டியது. இருப்பதிலேயே சின்னக் குட்டி உன் பழைய செருப்பில்தான் தூங்குகிறது. செருப்பை நான் இன்னும் வாசலிலிருந்து எடுக்கவில்லை. வெளியே எந்த வண்டி நின்றாலும் வெள்ளைச்சி எழுந்து கேட்டுக்குப் போகிறாள். துணைக்கு நானும் போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் அம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள், அவள் கேட்காத நாள் எது? நீ எங்கே இருந்தாலும் குறையில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: அடுத்த வருஷம் என்று மேலே எழுதியதை அடித்துவிடு. பிரசவத்தில் ஒரு குட்டி குறுக்கே மாட்டிக்கொண்டது. ஆபரேஷன் பண்ணிக் கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். புனல் அதற்குத்தான். வெள்ளைச்சி தேறிவிட்டாள், குட்டிகளும் நன்றாகப் பால் குடிக்கின்றன, ஆனால் இனிமேல் இந்த வீட்டில் வெள்ளைக் குட்டி பிறக்காது. நீ வருவதற்கு இருந்த ஒரே காரணமும் போய்விட்டதென்று எழுத எனக்குக் கை வரவில்லை. வர வேண்டாம் என்று எழுதியதையும் சேர்த்து அடித்துவிடு. வெள்ளையைப் பார்க்கத்தான் வருவாய் என்றால், நீ போன பிறகு எனக்கும் உன் அம்மாவுக்கும் தலை முழுக்க வெளுத்துவிட்டது. வந்து பாரம்மா.