லோடருக்குப் பல் முளைத்த கதை

வாங்கிய பொருளை வாங்கியபடியே விட்டுவைக்க முடியாத ஓர் இனம் நம் நடுவே உலவுகிறது. கொம்பு கிடையாது, வால் கிடையாது. சட்டைப் பையில் ஓர் அளவு நாடா இருக்கும், அவ்வளவுதான் அடையாளம். புதுக் குடை வாங்கினால் நீங்களும் நானும் மழைக்குக் காத்திருப்போம். இவர் காத்திருக்க மாட்டார். குடையை விரித்து, மடக்கி, தலைகீழாகப் பிடித்து, கைப்பிடியைத் திருகி, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு சொல்வார்: "எல்லாம் சரிதான். இதுல ஒரே ஒரு சின்ன வேலை மட்டும் பண்ணிட்டா..."

அந்த வாக்கியத்தை அவர் முடிப்பதே இல்லை. அது எங்கே போய் முடியும் என்பது நம் தலையெழுத்தைப் பொறுத்தது.

இந்த இனத்துக்கு மேம்படுத்தி என்று பெயர் வைத்திருக்கிறேன். மேம்படுத்தியின் வீட்டுக்குப் போயிருக்கிறீர்களா? குளியலறைத் தாழ்ப்பாளை முதலில் மேலே தூக்கி, பிறகு இடப்பக்கம் தள்ளி, அதே நேரத்தில் கதவை முழங்காலால் ஓர் இடி இடிக்க வேண்டும். தெரியாத விருந்தாளி உள்ளேயே இருப்பார். "பழைய தாழ்ப்பாளுக்கு என்ன குறை?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒரு குறையும் இல்லை. அதனாலதான் யாருமே அதைப் பத்தி யோசிக்கல" என்று பரிதாபமாக நம்மைப் பார்ப்பார்.

எனக்கு இந்த இனத்தோடு நெருங்கிய பழக்கம் உண்டு. அக்காவைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம்.

அத்தான் பல் டாக்டர். காலையில் ஊரார் வாய்க்குள் வேலை, மத்தியானத்துக்கு மேல் ஓய்வு. அந்த ஓய்வுதான் ஆபத்து. அக்கா செடிப் பண்ணை வைத்திருக்கிறாள். ஆள் உயர மரக்கன்றுகளைப் பெரிய பெரிய தொட்டிகளில் வளர்த்துக் கொடுப்பவள். பத்து வருடம் தொட்டி தூக்கியதில் அவள் முதுகெலும்பில் ஒரு வட்டு நகர்ந்துவிட்டது. "இனிமே பூனைக்குட்டியைக்கூடத் தூக்கக் கூடாது" என்று எலும்பு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் மினி டிராக்டர் வாங்கினார்கள். முன்னால் லோடர் வைத்தது. இரண்டு இரும்புக் கைகள், கைகளின் நுனியில் அகலமான இரும்பு வாளி, இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு லீவர். லீவரை இழுத்தால் வாளி மேலே போகும், தள்ளினால் கீழே வரும். அக்கா ஒரே முறை ஓட்டிப் பார்த்தாள். ஒரு தொட்டியை வாளியில் ஏற்றி, பண்ணையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் கொண்டுவந்து, சிந்தாமல் சிதறாமல் இறக்கினாள். இறக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தம்பி, என் இடுப்பைத் திருப்பிக் கொடுத்துட்டாங்கடா" என்றாள்.

அத்தான் டிராக்டரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கழுத்து சாய்ந்திருந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லம்மா. வாளி விளிம்பு வழவழன்னு இருக்கே, பாத்தியா? பல்லே இல்லாம எப்படிக் கடிக்கும்?"

"கடிக்க வேண்டாங்க. தூக்கினாப் போதும்."

தன் தொழிலின் ஆணிவேரையே ஒருத்தி அசைத்துவிட்டதுபோல் அவளைப் பார்த்தார்.

மறுநாள் பல் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் மேசைமேல் ஒரு காட்சியைக் கண்டார்கள். வெள்ளை மாவில் வார்த்த ஆறு பற்கள், ஒவ்வொன்றும் சாண் உயரம். முன்வரிசையில் காத்திருந்த அம்மாள் தன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, "யாருக்கு டாக்டர் இது?" என்று நடுங்கிக் கேட்டிருக்கிறார். "நம்ம வீட்ல புதுசா வந்திருக்கறதுக்கு" என்றாராம் அத்தான், அச்சிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்த அம்மாள் பல்வலி தீர்ந்துவிட்டதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார்.

அச்சைப் பார்த்து இரும்பில் பல் செய்து ஒட்டியவர் பண்ணைக்கு எதிரே பட்டறை வைத்திருக்கும் வெல்டர். மேம்படுத்தி தனியாகக் கெடுவதில்லை, கவனியுங்கள். எதிரிலேயே ஒரு வெல்டர் இருப்பார். இவரிடம் நான் தனியாகக் கேட்டேன்.

"ஏன்யா, நீயாவது வேணாம்னு சொல்லக் கூடாதா?"

"சார், ஒட்டுறது என் வேலை. ஏன் ஒட்டணும்னு கேக்க ஆரம்பிச்சா நான் எதை ஒட்டறது?"

பற்கள் நன்றாகத்தான் இருந்தன. முதல் நாளே மண்ணைக் கடித்தன; மண்ணோடு சேர்த்து அடியில் ஓடிய தண்ணீர்க் குழாயையும் கடித்து இழுத்து வெளியே போட்டன. பண்ணை முழுக்க நீரூற்று. அக்கா நனைந்து நின்றாள். அத்தானுக்கு அதிலும் ஒரு வெளிச்சம்தான் தெரிந்தது. "கீழ்த்தாடை மட்டும் இருக்கு, அதான் கண்டதையும் கடிக்குது. மேல்தாடை ஒண்ணு வச்சுட்டா எதைப் புடிக்கணுமோ அதை மட்டும் புடிக்கும்."

மேல்தாடை வந்தது. தன் கனத்தில் தானே விழுந்து மூடிக்கொள்ளும். மூடியதும் ஓர் இரும்பு முள் டக்கென்று விழுந்து பூட்டும். திறக்க வேண்டுமானால் போய் முள்ளைக் கையால் உருவ வேண்டும். மேல்தாடையின் கனத்தில் டிராக்டர் முன்பக்கம் மண்டியிட்டது. அதைச் சமன் செய்யப் பின்னால் ஒரு பீப்பாய் நிறையக் கான்கிரீட் கொட்டிக் கட்டினார். பீப்பாய் வந்ததும் டிராக்டர் திரும்புகிற இடத்திலெல்லாம் செடிகளுக்கு நிழல் தரும் வலையின் கம்பங்கள் சாய்ந்தன, ஆகவே பின்னால் பார்க்க முடிதிருத்தும் கடையிலிருந்து ஓர் ஆளுயரக் கண்ணாடி வந்தது. கண்ணாடியில் வெயில் பட்டு ஓட்டுபவர் கண் கூசியது, ஆகவே தலைக்கு மேல் ஒரு பெரிய குடை. குடை விளிம்பு வாளியை மறைத்தது, ஆகவே வாளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று காட்ட ஒரு மூங்கில் கழி, கழியின் நுனியில் சிவப்புத் துணி. இப்படி ஒவ்வொன்றும் இன்னொன்றைத் திருத்த வந்து, கடைசியில் பண்ணை வாசலில் நின்றது டிராக்டரா தேரா என்று தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி ஆயிற்று.

எல்லாம் இருந்தது. தொட்டி தூக்கத்தான் முடியவில்லை. லோடருக்கு இருந்த பலம் முழுவதும் தன் மேம்பாடுகளைத் தூக்குவதிலேயே செலவாகிவிட்டது.

மூன்று வாரம். இந்த மூன்று வாரமும் அக்கா நாள்தோறும் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"தொட்டி எப்பங்க தூக்கும்?"

"தூக்கும்மா. ஒரு சின்ன வேலை பாக்கி."

இதற்குள் ஒரு பெரிய பூங்காவுக்கு நூற்று நாற்பது மரக்கன்றுகள் தருவதாக அக்கா ஒப்புக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை லாரி வரும். அவள் பண்ணைக்கு இதுவரை கிடைத்ததிலேயே பெரிய வேலை. நாள் தவறினால் வேறு இடத்தில் எடுத்துக்கொள்வோம் என்று பூங்கா அதிகாரி முதலிலேயே சொல்லியிருந்தார். தொட்டிகள் எல்லாம் பண்ணையின் பின்கோடியில். வியாழக்கிழமை காலை வரை பொறுத்துப் பார்த்த அக்கா, யாரிடமும் சொல்லாமல் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு போனாள். நான்காவது தொட்டியைச் சாய்த்தபோது முதுகு பிடித்துக்கொண்டது. குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள். நானும் வெல்டரும் அவளை அப்படியே, கேள்விக்குறி போல், தூக்கி வந்து பண்ணை அலுவலக அறையில் பாய் விரித்துப் படுக்க வைத்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்த அத்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்குக் காலைல எல்லாத் தொட்டியும் வாசலுக்கு வந்துரும். நான் பாத்துக்கறேன்" என்றார். உண்மையான அன்போடுதான் சொன்னார். மேம்படுத்திகள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. அதுதான் நம் சங்கடமே.

வெள்ளிக்கிழமை காலை அத்தான் டிராக்டரில் ஏறினார். மூடியிருந்த வாசல் கேட்டின் முன்னால் நிறுத்தி, வாளியைக் கொஞ்சம் உயர்த்தி, முதலில் ஒரு சின்னச் சோதனை என்றார். சோதனை எதற்கு என்று கேட்க எங்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. டிராக்டர் ஓர் அடி முன்னால் உருண்டது. ஆறு பற்களும் கேட்டுக் கம்பிகளின் இடைவெளியில் அளவெடுத்ததுபோல் நுழைந்தன. மேல்தாடை விழுந்தது. முள் டக்கென்றது.

"ஒண்ணும் பதறாதீங்க, எடுத்துடறேன்" என்று லீவரை இழுத்தார்.

தொட்டியைவிட லேசான அந்தக் கேட்டு கீல்களைவிட்டுக் கிளம்பி, ஒரு கிறீச்சிடல்கூட இல்லாமல், ராஜமரியாதையோடு மேலே போயிற்று. வாளி முழு உயரத்துக்குப் போனதும் நின்றது. இப்போது முள் எங்களில் யாருக்கும் எட்டாத உயரத்தில் இருந்தது. இறக்கலாம் என்று லீவரைத் தள்ளினால் கேட்டு அத்தானின் தலைப்பக்கமாகச் சாய்ந்தது; மறுபடி இழுத்தால் தெருப்பக்கமாகச் சாய்ந்தது. லீவரைப் பிடித்த கையை எடுக்காமல், மூச்சு விடாமல், குடையின் கீழ் அத்தான் சிலையாக உட்கார்ந்திருந்தார்.

"அசையாதீங்க டாக்டர்" என்றார் வெல்டர். "வாயை மட்டும் கொஞ்சம் மூடிக்கங்க, ஈ போகுது."

அப்போதுதான் லாரி வந்தது. முன்னிருக்கையில் பூங்கா அதிகாரி. அவர் பார்த்தது இதுதான்: பண்ணை வாசலை லாரி நெருங்குகிறது, கேட்டு வானத்தில் தூக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறது, ஒரு பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் சிவப்புக் கொடி, குடையின் கீழ் ஒருவர் மரியாதையாக விறைத்து உட்கார்ந்திருக்கிறார். லாரி டிராக்டரை முட்டாத அளவுக்குக் கேட்டுக்கு அடியில் மெதுவாக மூக்கை நுழைத்தது. வெல்டர் சட்டென்று லாரியின் கூரைமேல் ஏறி நின்று, எட்டி, முள்ளை உருவினார். கேட்டு லாரியின் முதுகில் பொத்தென்று உட்கார்ந்தது. அதிகாரி இறங்கி வந்து அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நாப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கேட்டு நான் பாத்ததில்ல சார். மேல தூக்கி, வண்டி மேலயே வச்சு அனுப்பிடறீங்க! எங்க பூங்காவுக்கும் ஒண்ணு பண்ணித் தருவீங்களா?"

அத்தானின் கழுத்து, ஐயா, அந்த நிலையிலும், மெல்ல ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது.

"தம்பி" என்று ஜன்னலுக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது. "அவரைக் கொஞ்சம் உள்ள வரச் சொல்லு."

போனார். நானும் பின்னால் போனேன். அக்கா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கத்தவில்லை, அழவில்லை. கத்தியிருந்தால் அத்தானுக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும்.

"என்னால எந்திரிக்க முடியலங்க" என்றாள். "எனக்கும் ஏதாவது சின்ன வேலை இருந்தா பண்ணிடுங்க. முன்னாடி ஒரு தாடை, பின்னாடி ஒரு பீப்பாய். நின்னுருவேன்னு நினைக்கறேன்."

அத்தான் வெளியே வந்து வெல்டரின் தோளைத் தொட்டு, "எல்லாத்தையும் வெட்டிடு" என்றார்.

"எல்லாத்தையுமா? பல்லையுமா டாக்டர்?"

"பல்லையும்தான்."

முப்பது வருடத்தில் எத்தனையோ பல்லைப் பிடுங்கியவர், அந்த ஆறு பற்கள் விழும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மத்தியானத்துக்குள் லோடர் வாங்கியபோது இருந்த கோலத்துக்கு வந்துவிட்டது. அத்தானே ஓட்டினார். ஒரு தொட்டி, இன்னொரு தொட்டி, இன்னொன்று. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே நூற்று நாற்பதும் லாரியில் ஏறின. ஒன்றுகூட உடையவில்லை. அக்கா படுத்தபடியே, ஜன்னல் வழியாக வந்த சத்தத்தைக் கேட்டு எண்ணிக்கொண்டே இருந்தாள். லாரி கிளம்பியதும் அத்தான் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். பிறகு என்னிடம், யாரோ இறந்த செய்தியைச் சொல்வதுபோல், "நல்லாத்தான் தூக்குது" என்றார்.

அக்கா இரண்டு வாரத்தில் எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டாள். எலும்பு டாக்டர் இடுப்புக்கு ஒரு பெல்ட் கொடுத்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அத்தான் அந்தப் பெல்ட்டை மடியில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். அக்கா பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. அவள் கையை நீட்டினாள். அவர் கொடுத்துவிட்டார். இதை நான் பெரிய முன்னேற்றமாகவே கருதுகிறேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது, இப்படிப்பட்டவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதுதான். ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன், உண்மையைச் சொல்லுங்கள். கேட்டு வானத்தில் தொங்கிய இடத்தைப் படித்தபோது, "அந்த முள்ளில் ஒரு கயிற்றைக் கட்டி, இருக்கையிலிருந்தே இழுக்கிற மாதிரி வைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமே" என்று உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா?

தோன்றியதா?

உங்கள் வீட்டில் இருப்பவர்களிடம் என் அனுதாபத்தைச் சொல்லுங்கள்.