மாமனார் ஒதுக்கி வைத்த இடம்

எடை பொய் சொல்லாது. ஒராஸ்பாயின் வேதம், அரசியல், தத்துவம் மூன்றும் இதுதான். கசாக் ஊரான கராபுலாக்கின் ஆட்டுச்சந்தையில் எடைமேடையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஆடு ஏறும். முள் துடிக்கும். நிற்கும். அவர் ஓர் எண்ணைக் கத்துவார். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

சந்தை கலைந்ததும் தானே ஒருமுறை ஏறி நிற்பார். அறுபத்து நாலு. கல்யாணத்தன்றும் அறுபத்து நாலு. ஐம்பத்தோரு வயதில் கல்யாணக் கோட்டுக்கு இன்னும் பொத்தான் போட முடிகிறது என்பதைத் தெருவில் யார் எதிர்ப்பட்டாலும் போட்டே காட்டுவார். ஆட்டின் வால்கொழுப்பை மற்றவர்கள் கறிக்கு நடுவே ஒரு துண்டு சேர்த்துக்கொள்வார்கள். ஒராஸ்பாய் வால்கொழுப்புக்கு நடுவே ஒரு துண்டு கறி சேர்த்துக்கொள்வார். அவர் மனைவி உமித் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள்.

"திங்கறது நான், பெருத்துப் போறது நீ. என்ன குடும்பமோ இது!" என்பார்.

உமித் சிரிப்பாள். ஆனால் அவளுக்குள் ஒரு பயம் இருந்தது. அவள் மருமகளாக வருவதற்கு மூன்று வருடம் முன்பே ஒராஸ்பாயின் அப்பா போய்விட்டார். அவரும் மகனைப்போலவே சவுக்குக் குச்சியாய் ஒல்லிதான். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு காலை, பூட்ஸ் மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. இப்போதெல்லாம் ஒராஸ்பாய் பூட்ஸுக்குக் குனியும்போது உமித் அடுப்பை விட்டுவிட்டு வந்து கதவோரம் நிற்பாள். அவர் நிமிர்ந்த பிறகுதான் திரும்பிப் போவாள். ஒருநாள் நிமிர்ந்தவருக்கு மூச்சு வாங்கியது. அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்தாள், இடுப்பைச் சுற்றி நாடா வைத்தாள், வயிற்றில் பசையைத் தடவி ஸ்கேன் படம் பார்த்தாள். திரையில் ஈரல், பனி பெய்த கூரைபோல வெள்ளையாக மின்னியது.

"உள்ள கொழுப்பு மண்டிக் கிடக்கு. ஈரல், குடல் எல்லாத்தையும் சுத்தி. இதயத்தையும் விட்டு வைக்கலை."

"படம் மாறியிருக்கும் டாக்டரம்மா. நான் அறுபத்து நாலு கிலோ."

"அறுபத்து நாலுல எது சதை, எது கொழுப்புன்னு எடைக்கு என்ன தெரியும்? உங்க உடம்புல மூணுல ஒரு பங்கு கொழுப்பு. குண்டா இருக்கறவனை ஊரே எச்சரிக்கும். உங்களை மாதிரி ஆளுங்கதான் யாருக்கும் சந்தேகம் வராமலே போய்ச் சேர்றாங்க."

வீடு திரும்பும் வழியெல்லாம் ஒராஸ்பாய்க்குத் தன் விலா எலும்புகளுக்கு உள்ளே ஒரு குண்டன் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. இத்தனை வருடம் தான் தின்றதையெல்லாம் அவன்தான் தின்றிருக்கிறான். ஒருநாள் எழுந்து நிற்கப் பார்ப்பான்.

இந்தப் பயம் வீட்டு வாசல்வரை நீடித்தது. உள்ளே போனதும் வேறு பயம் வந்துவிட்டது. அன்று இரவுச் சாப்பாடு வேகவைத்த பீட்ரூட்.

மறுநாளும் பீட்ரூட். அதற்கு மறுநாள் கோதுமைக் கஞ்சி, ஓரத்தில் பீட்ரூட். அதுவோ குளிர்காலத்துக்குக் குதிரை அறுக்கும் பருவம். தெருவில் வீட்டுக்கு வீடு கொழுப்பு உருகியது. ஒராஸ்பாய் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காற்றைத் தொட்டுக் கஞ்சி சாப்பிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை காலை, கிண்ணத்துத் தேநீரைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்.

"ராத்திரி அப்பா வந்தார்."

உமித்தின் கை அப்படியே நின்றது. "எங்க?"

"கனவுல. வாசல்லயே நின்னார். உள்ள வாங்கன்னேன், வரலை. 'பசிக்குதுடா, இப்பல்லாம் எண்ணெய் வாசனைகூட வர்றதில்லை'ன்னார்."

இதற்குமேல் ஒரு கசாக் வீட்டில் விவாதம் இல்லை. இறந்தவர் கனவில் வந்து பசி என்றால் ஏழு ரொட்டி பொரிக்க வேண்டும். வாசனை இறந்தவர்களுக்கு. ரொட்டி அக்கம்பக்கத்தாருக்கு. மறுத்தால் மாமனாரைப் பட்டினி போட்ட மருமகள் என்று பெயர் வரும்.

"சூரியகாந்தி எண்ணெய் போதுமா?"

"அப்பா காலத்துல ஏது சூரியகாந்தி? வால்கொழுப்புதான்."

ஏழு ரொட்டியையும் ஏழு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் புண்ணியத்தை ஒராஸ்பாய் தானே ஏற்றுக்கொண்டார். எதிர்வீட்டுக் காதிஷா அக்காவுக்கு ஒன்று போனது. கோடிவீட்டுக்கு ஒன்று. நடுவில் ஐந்து வீடுகள் இருந்தன. நடுவில் ஒரு வேலியும் இருந்தது, ஆள் மறைந்து உட்காரும் உயரத்தில்.

அடுத்த வெள்ளி தாத்தா வந்தார். அதற்கடுத்து பெரியம்மா. பிறகு வெள்ளிவரை பொறுக்க முடியாமல் திங்கட்கிழமையே சித்தப்பா வந்துவிட்டார். அவருக்கு ரொட்டி வேண்டாமாம். ஈரலும் வால்கொழுப்பும் சேர்த்து வறுத்த வாசனை வேண்டுமாம்.

"சித்தப்பாவுக்குக் கடைசிக் காலத்துல பல்லே இல்லையே?"

"அங்க போனா முளைச்சிடுதாம்."

"நல்ல ஊரா இருக்கே." இரண்டு நாள் கழித்து அவளே கேட்டாள்: "இன்னிக்கு யாரு?"

"சந்தைல பழைய மேலாளர்."

"அவர் நமக்கு என்ன உறவு?"

"அங்க எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்காங்களாம்."

"செத்தும் பசி அடங்கின ஆளு ஒருத்தர்கூட உங்க பக்கத்துல இல்லையா?" என்று பெருமூச்சுவிட்டு உமித் சட்டியை எடுத்தாள். ஒராஸ்பாய்க்கு வாழ்க்கை மறுபடி இனித்தது. அறுபத்து நாலு, ஒரு கிராம் கூடவில்லை.

பிறகு ஒரு காலை. அடுப்பு மூட்டப்படவில்லை. உமித் மேஜையருகே கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கு உங்களுக்கு யாரும் வரலையா?"

"வரலையே. ஏன்?"

"எனக்கு வந்தார். உங்க அப்பா."

ஒராஸ்பாய்க்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "நீ அவரைப் பார்த்ததே கிடையாதே. அவர்தான்னு எப்படித் தெரியும்?"

"நரித்தோல் தொப்பி போட்டிருந்தார். அதோட இடது காதுமூடி கருகியிருந்துச்சு."

அப்பா இறந்த வருடம் அடுப்புமேல் சாய்ந்து தூங்கி, தொப்பியின் அந்த மூடியைக் கருக்கிக்கொண்டார். அந்தத் தொப்பியோடு போட்டோ கிடையாது. அந்தத் தொப்பியைப் பற்றி ஒராஸ்பாய் யாரிடமும் பேசியதும் கிடையாது.

"என்ன... ரொட்டி கேட்டாரா?"

"இல்லை. வாசல்ல நிக்கலை. நேரா உள்ள வந்து, இதோ உங்க இடத்துல உட்கார்ந்தார். 'நாங்க ஒண்ணும் கேட்கலையே, இவன் ஏன் வாரா வாரம் ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கூப்பிடறான்?'னார். எனக்கென்ன தெரியும், நான் பேசாம இருந்தேன். 'ஏக்கமாத்தான் இருக்கும், பாவம். எங்க பக்கத்துல இடம் ஒதுக்கி வெச்சாச்சு. முதல் பனிக்கு முன்னால வந்து கூட்டிட்டுப் போறோம்'னார்."

"கூட்டிட்டா?"

"'எடை என்ன?'ன்னு கேட்டார். அறுபத்து நாலுன்னேன். 'என் எடையேதான்'னு சிரிச்சார்."

வெளியே யாரோ வாளியை வைத்த சத்தத்துக்கு ஒராஸ்பாய் துள்ளி எழுந்தார்.

"உட்காருங்க," என்றாள் உமித். குரல் வெண்ணெய்போல் இருந்தது. "இனிமே பத்தியம் எதுக்கு? என்ன பிடிக்குதோ சாப்பிடுங்க. நான் தடுக்க மாட்டேன்."

தடுக்கவில்லை. மத்தியானம் வால்கொழுப்பு வந்தது. மாலையில் குடலுக்குள் குதிரை விலாக்கொழுப்பை அடைத்த கஸி, நாலு விரல் கனத்தில். காலையில் பாலாடை. உமித் எதிரே உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, அவர் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பூட்ஸைக் கழட்டாம உள்ள வர்றேன்" என்று வேண்டுமென்றே வம்பிழுத்துப் பார்த்தார். "வாங்க, உங்க வீடுதானே" என்றாள். இருபத்தேழு வருடத்தில் முதல் முறையாக அவள் அவரை எதிர்த்துப் பேசவில்லை. ஒராஸ்பாயின் முதுகுத்தண்டு சில்லிட்டது அப்போதுதான்.

ஊரில் இருக்கும் அக்கா ரஹிமாவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, அப்பாவோட தொப்பியப் பத்தி உமித்கிட்ட எப்பவாவது சொன்னியா?"

"எந்தத் தொப்பி?"

"காது கருகினது."

குரலைத் தாழ்த்தி, "அதை எதுக்குடா இப்பக் கேட்கறே? அவர் உன்கிட்ட வந்தாரா?" என்றாள் அக்கா.

ஒராஸ்பாய் போனை வைத்துவிட்டார்.

அன்று மாலை காதிஷா அக்கா வந்தாள். நல்ல முக்காடு, கையில் துணி மூடிய தட்டு. உட்காராமல் நின்றபடியே ஆரம்பித்தாள்.

"தம்பி, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே. உன் சல்லடையை நாலு வருஷமா நான்தான் வெச்சிருக்கேன். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

"சல்லடையா? அதுக்கு எதுக்கு அக்கா இப்ப..."

"உன் கல்யாணக் கோட்டைப் பார்த்து, 'சோளக்கொல்லை பொம்மைக்குப் போட்ட மாதிரி இருக்கு'ன்னு தெருவுல சொன்னதும் நான்தான். அதையும் மன்னிச்சிடு. நானும் உன்னை மன்னிச்சுட்டேன்."

"என்னை எதுக்கு மன்னிக்கணும்? நான் என்ன செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யலை. இருந்தாலும் சொல்றது வழக்கம்."

வழக்கம் அவருக்கும் தெரியும். போகப்போகிறவரிடம் போய், மன்னித்தேன் மன்னித்துவிடு என்று கணக்கை நேர்செய்துகொள்வது. தாய்மாமா சாகக் கிடந்தபோது அவரே போய்ச் சொல்லியிருக்கிறார். மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "இன்னும் நாள் இருக்குடா" என்றார். இருக்கவில்லை.

"நான் நல்லாத்தான் இருக்கேன் அக்கா!"

"ஆமாம் தம்பி," என்றாள் காதிஷா அக்கா, தூங்குகிற குழந்தையிடம் பேசுவதுபோல. "ரொம்ப நல்லா இருக்கே." தட்டை வைத்துவிட்டுப் போனாள். தட்டில் பொரித்த ரொட்டி. யாருக்கான வாசனை என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் சந்தையில் காற்று அசையவில்லை. வானம் கழுவாத பால்பாத்திரம்போல் வெளுத்துத் தாழ இறங்கியிருந்தது. ஆடுகள் கத்தாமல் நின்றன. சந்தை கலைந்ததும் ஒராஸ்பாய் மேடையில் ஏறினார். முள் துடித்து நின்றது. அறுபத்து நாலு. அப்பாவின் எண். தோளுக்குப் பின்னால் யாரோ குனிந்து அந்த எண்ணைப் படிப்பதுபோல் இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது வருடம் அந்த மேடையில் வேலை பார்த்தவர், முதல் முறையாக அதிலிருந்து குதித்து ஓடினார்.

வீட்டில் மேஜைமேல் வால்கொழுப்பு காத்திருந்தது. ஆறிப்போய், கறிமேல் வெள்ளையாகப் படர்ந்து இறுகியிருந்தது. டாக்டரம்மாவின் திரையில் பார்த்த அதே வெள்ளை. உள்ளே உட்கார்ந்திருக்கும் குண்டன் சப்புக்கொட்டுவது அவருக்குக் கேட்டது.

"உமித், ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்க. ஆசை எதையும் மனசுல வெச்சுட்டுப் போகாதீங்க."

"போகாதீங்கன்னு மட்டும் சொல்லு, போதும்! எனக்குக் கனவே வரலை. அப்பா, தாத்தா, சித்தப்பா, மேலாளர், எல்லாம் பொய். வால்கொழுப்புக்காகச் சொன்னது."

"தெரியும்."

"எப்படி?"

"வாசனையத்தான் செத்தவங்க திம்பாங்க. ஏழு ரொட்டில அஞ்சை யார் தின்னாங்க? அஞ்சு வீட்டுலேர்ந்தும் வந்து, 'எங்களுக்கு மட்டும் ஏன் தரலை'ன்னு கேட்டுட்டுப் போனாங்க."

ஒராஸ்பாய் நாற்காலியில் சரிந்தார். உடனே ஒரு பொறி தட்டியது. "அப்படின்னா உன் கனவும் பொய்தான்! சொல்லு, பொய்தானே?"

உமித் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "உங்க கனவு பொய்யா மெய்யான்னு உங்களுக்குத் தெரியும். என் கனவு எனக்குத் தெரியும்."

"தொப்பி? காது கருகினது உனக்கு எப்படித் தெரியும்?"

"அவர் போட்டுட்டு வந்தார், பார்த்தேன்."

அவள் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. சந்தையில் எத்தனையோ ஆட்டு வியாபாரிகளின் முகத்தைப் பார்த்தவர்தான். இந்த முகம் அவருக்குப் பிடிபடவில்லை.

"உமித், உன் காலைப் பிடிச்சுக்கறேன். உன்கிட்டதானே வர்றார். நீ பேசிப் பாரேன்."

"மாமாகிட்ட மருமக எதிர்த்துப் பேசறது வழக்கமில்லை. உங்களுக்காகக் கேட்டுப் பார்க்கறேன்."

காலையில் கேட்டுக்கொண்டு வந்தாள். மாமா முரண்டு பிடித்தாராம், கடைசியில் இறங்கி வந்தாராம். தினமும் ஆற்றுப்பாலம்வரை போய்த் திரும்ப வேண்டும், அதுவும் வேகமாக. வால்கொழுப்பு, கஸி, பாலாடை கண்ணில்கூடப் படக்கூடாது. டாக்டரம்மா கொடுத்த மாத்திரையை உமித் கண்முன்னே விழுங்க வேண்டும். கல்லு மூட்டையோ விறகோ, ஏதாவது கனமானதைத் தூக்கிச் சதை வளர்க்க வேண்டும். விறகு என்றால் நல்லது, வீட்டில் விறகு குறைவாக இருப்பதை அவரே கவனித்தாராம்.

ஒராஸ்பாய் நடந்தார். விறகு பிளந்தார். பீட்ரூட்டை மறுவார்த்தை பேசாமல் மென்றார். பூட்ஸ் மாட்டக் குனிந்தபோதெல்லாம் கதவோரம் உமித் நின்றாள். நிமிர்ந்தபோது மூச்சு வாங்குவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததை இருவருமே பார்த்தார்கள், ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு காலை கண் விழித்தால் ஜன்னல் முழுக்க வெள்ளை. வேலி, கொட்டகை, பாதை எல்லாம் மூடிக் கிடந்தது. ஒராஸ்பாய் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். துடித்தது. கதவைத் திறந்து பார்த்தார். பனிமேல் ஒரு காலடிகூட இல்லை.

"பனி விழுந்துடுச்சு!" என்று கூவிக்கொண்டே சமையலறைக்கு ஓடினார். "கெடு முடிஞ்சுது! யாரும் வரலை! எடு அந்த வால்கொழுப்பை!"

உமித் பீட்ரூட் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"மாமா ராத்திரியே வந்து சொல்லிட்டார். இந்த வருஷம் வண்டி கிடைக்கலையாம். அடுத்த வருஷப் பனிக்குத்தான் வர்றாராம்."