வீமன் சொன்ன செய்தி

நான் பெரிய பொய் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையில் ஒரு சிறு துண்டை விழுங்கிவிட்டேன், அவ்வளவுதான். அதற்காக ஒரு கலியாண வீடு முழுவதும் முழங்காலளவு சேற்றுத் தண்ணீரில் நிற்க வேண்டி வந்தது.

தொண்ணூறுகளின் கடைசி, வன்னியில் போர்க்காலம். முள்ளியவளையில் நான் தொண்டர் ஆசிரியை. வயது இருபத்திரண்டு. உலகத்தில் காயம்பட்ட சீவனெல்லாம் என்னைத் தேடித்தான் வருகிறது என்று ஒரு நினைப்பு. (உண்மையில் நான்தான் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.) வீட்டில் ஏற்கெனவே ஒற்றைக்கண் பூனை ஒன்றும் வாலறுந்த பூனை ஒன்றும் இருந்தன. அந்த நிலையில் ஒட்டுசுட்டான் றோட்டில், சனம் இடம்பெயர்ந்துபோன ஒரு வீட்டு வாசலில் அந்த நாயைக் கண்டேன். உடம்பெல்லாம் சொறி, பின்னங்காலில் புழு வைத்த புண். உரப்பையில் போட்டுச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். அன்னமுன்னா இலையை இடித்துப் புண்ணில் கட்டினேன். சொறிக்கு வேப்பெண்ணெயும் மஞ்சளும். தைரியம் வரட்டும் என்று வீமன் எனப் பெயரும் வைத்தேன். பூனைகள் இரண்டும் சேர்ந்து அதை அடுப்படிச் சாம்பலுக்குள் விரட்டிவிட்டன.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளை, இது வீடோ, மிருக ஆசுப்பத்திரியோ? வாற வெள்ளிக்கிடையிலை உது போகவேணும். இல்லாட்டி நான் போறன்."

"நீங்கள் எங்கை போகப்போறியள்?" என்று அம்மா குசினிக்குள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டா.

சொறியும் நொண்டியுமான நாயை யார் எடுப்பார்கள்? ஏழு வீடு ஏறி இறங்கினேன். ஏழிலும் தேத்தண்ணி தந்தார்கள், நாயை எடுக்கவில்லை. வீமனை றோட்டில் விட்டால் ஒரு மாதம் தாங்காது என்று எனக்குத் தெரியும். அப்போதுதான் அதன் திறமை வெளிப்பட்டது.

அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு வளவுக்குள் பங்கர் என்கிற பதுங்குகுழி ஒன்று இருந்தது. குண்டு போடும் விமானத்தை நாங்கள் பொம்பர் என்போம். சத்தம் கேட்டதும் எல்லோரும் பங்கருக்குள் இறங்குவோம். ஒரு நாள் வீமன் சாம்பலிலிருந்து எழும்பி நொண்டி நொண்டிப் பங்கருக்குள் ஓடியது. கொஞ்ச நேரத்தில் பொம்பர் வந்தது. அடுத்த கிழமையும் அப்படியே. மூன்றாம் தரம், அம்மா சட்டி மூடியைக் கீழே போட்டதற்கும் ஓடியது. நான் விழுங்கியது இந்த மூன்றாவதைத்தான்.

"எங்கடை நாய்க்கு அஞ்சு நிமிசத்துக்கு முன்னமே பொம்பர் தெரியும்" என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை விட்டேன். மறுநாளே அடுத்த தெருப் பரமேஸ்வரி அக்கா எங்கள் வாசல் படலையடியில் நின்றா.

"பிள்ளை, எங்கடை மகள் சுகந்திக்குக் கலியாணம். நாதஸ்வரம் மட்டும் மெல்லமா வாசிக்கச் சொல்லியிருக்கு. ஆனா தாலி கட்டேக்கை கெட்டிமேளம் இல்லாமல் ஏலாது. அந்த நேரம் பொம்பர் வந்தா ஆருக்குக் கேக்கும்? நாயைத் தாங்கோ. பிறகும் நாங்களே வச்சு வளக்கிறம்."

"கொண்டு போங்கோ அக்கா!"

"நீங்களும் பக்கத்திலை இருங்கோ. அது உங்கடை சொல்லுத்தானே கேக்கும்." (அது யாருடைய சொல்லையும் கேட்டதில்லை.)

மேளச் சத்தத்தில் பொம்பர் கேட்காது என்பதற்காக நாய் பிடித்த எங்களில் ஒருவருக்காவது, அந்த மேளத்தைக் கேட்டு நாய் என்ன நினைக்கும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. நான் வேறு படிப்பிக்கிறவள்.

தை மாதக் கலியாணம். அம்மாவின் ஒரேயொரு பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு பந்தலில் முன்வரிசையில் இருந்தேன். நாயின் கயிறு என் கையில் மூன்று சுற்று. அன்றைக்கு மஞ்சளில் ஊறியிருந்தவர்களில் மணமகளுக்கு அடுத்தது வீமன்தான். வந்தவர்கள் எல்லாம் அதற்கு ஒரு மரியாதைப் பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐயர் கையை உயர்த்தினார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

முதல் அடி விழுந்ததுதான் தெரியும். வீமன் என்னையும் இழுத்துக்கொண்டு பறந்தது. வாழைமரம் ஒன்று சரிந்தது. நிறைகுடம் உருண்டது. விழுந்து இழுபட்டபடியே நான் "பொம்பர்! பொம்பர்!" என்று கத்தினேன். என் கதையை ஊரில் யாரையும்விட உறுதியாக நம்பியிருந்தது நான்தான்.

வன்னிச் சனத்துக்குப் பங்கருக்குள் இறங்கப் பழக்க வேண்டியதில்லை. பத்துப் பேருக்கு வெட்டிய பங்கருக்குள் முப்பது பேர். மார்கழி மழைத் தண்ணீர் இன்னும் வற்றவில்லை. சுகந்தி கூறைச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, மாப்பிள்ளை தாலியைக் கையில் பொத்தியபடி, ஐயர் கைமணிக்கூட்டைப் பார்த்தபடி. மேளகாரர் மாமரத்தடியில் வெட்டியிருந்த கிடங்குக்குள். கடைசியாக வந்தவர் என் அப்பா. ஆள் கொஞ்சம் தடிப்பு. காலை முதலில் விட்டு இறங்கியவர் இடுப்போடு வாசலில் இறுகிப்போனார்; உள்ளே ஒரே இருட்டு.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தோம். ஒரு சத்தமும் இல்லை. வீமன் என் கைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. பாதி உடம்பு வெளியே நின்ற அப்பா மேலிருந்து அறிவித்தார்: "ஒண்டையும் காணேல்லை. ஒரு கொக்குத்தான் போகுது."

இருட்டுக்குள் ஒரு குரல் மெதுவாகச் சொன்னது: "நாய் மேளத்துக்கெல்லோ ஓடினது!"

அந்த இருட்டுக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். யாருடைய முகமும் தெரியவில்லை.

"முகூர்த்தம் முடிய இன்னும் மூண்டு நிமிசந்தான் கிடக்கு" என்றார் ஐயர். வெளியே போவதென்றால் வழியில் அப்பா. அவரைத் தள்ளுவதா இழுப்பதா என்று உள்ளே இரண்டு கட்சியாகி, ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டார்கள். "விடுங்கோடாப்பா, வேட்டி! வேட்டி!" என்று அப்பா மேலே நின்று கத்தினார்.

"மாப்பிள்ளை, இதிலேயே கட்டும்" என்ற ஐயர், பழக்கதோசத்தில் "கெட்டிமே..." என்று தொடங்கினார். பரமேஸ்வரி அக்கா அவருடைய வாயைப் பொத்தாத குறை.

"ஐயோ ஐயா, அந்தச் சொல்லைச் சொல்லாதேங்கோ!"

மேளத்துக்குப் பதிலாக எல்லோரும் கை தட்டினார்கள். மாப்பிள்ளை தடவித் தடவிக் கட்டினார். தாலி சுகந்தியின் கழுத்தில்தான் ஏறியது என்பதை வெளியே வந்த பிறகுதான் உறுதிப்படுத்திக்கொண்டோம்.

பரமேஸ்வரி அக்கா கயிற்றை என் கையில் திரும்பத் தந்தா. "பிள்ளை, உங்கடை நாயைக் கொண்டு போங்கோ." சாப்பிட்டுவிட்டுப் போ என்றுகூடச் சொல்லவில்லை.

கிழிந்த வேட்டியோடு அப்பா முன்னால் நடந்தார். பின்னால் நான், எனக்குப் பின்னால் வீமன். இனி இந்த ஊரில் அதை எடுக்க ஒருவரும் இல்லை. வெட்கத்தைவிட அந்த நினைப்புத்தான் பெரிதாக இருந்தது. அழுதுகொண்டே வந்தேன். படலையடியில் அப்பா நின்றார்.

"இப்ப உள்ளை விடு. நாளைக்குப் பாப்பம்."

மறுநாள் அவர் நாயைப் பார்க்கவில்லை. மண்வெட்டியை எடுத்து எங்கள் பங்கரின் வாசலை அகலமாக்கினார்.

இரண்டு கிழமை போயிருக்கும். மத்தியானம் குசினிக்குள் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வீமன் திடீரென்று எழும்பிப் பங்கருக்குள் ஓடியது.

"எங்கையோ கலியாணம் போலை" என்றேன் நான். அம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறியது.

அப்பா சிரிக்கவில்லை. சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போய்ப் பங்கருக்குள் இறங்கினார். அவரைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே நாங்கள் இருவரும் பின்னால் போனோம். அம்மா கையில் அகப்பை.

வெளியே வந்தபோது குசினி இருக்கவில்லை. பூனைகள் இரண்டும் கிணற்றடியில் நின்றன. சிரிக்கப் போனதால் உயிரோடு இருக்கிறோம் என்பது எனக்கு விளங்க வெகுநேரம் எடுத்தது. அப்பா கோப்பையில் மிச்சமிருந்த சோற்றை வீமனுக்கு முன்னால் வைத்துவிட்டு, "உது இஞ்சைதான் நிக்கும்" என்றார். அதற்குப் பிறகு நான் அதற்கு வீடு தேடவில்லை.

வீமன் போய்ப் பல வருடங்கள். வீட்டில் இன்றைக்கும் யாராவது உறுதியில்லாத செய்தி ஒன்றைக் கொண்டுவந்தால், "ஆர் சொன்னது, வீமனோ?" என்று கேட்டுச் சிரிப்போம். சுகந்தி தன் பிள்ளைகளிடமும் இதைத்தான் கேட்கிறாளாம்.

அப்பா மட்டும் இதற்குச் சிரிப்பதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தால், கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிடுவார்.