படகு இல்லாத படகுப் படம்

கையில் புதிதாக ஒரு கருவி கிடைத்தால் மனிதனை விட்டு முதலில் கழன்று போவது அடக்கம்தான். எனக்கு அது கழன்ற இடம் திருவொற்றியூர் குப்பத்து மணல். வருடம் இரண்டாயிரத்து மூன்று வாக்கில். கருவி, டிஜிட்டல் கேமரா. (இரவல். அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.)

அக்கா வீட்டுக்காரர் ஏழுமலை மாமா பன்னிரண்டு வருடம் அடுத்தவர் படகில் கடலுக்குப் போனவர். ஒருவழியாகச் சொந்தத்தில் ஒரு பைபர் படகு வாங்கி, அதை முதன்முதலாகத் தண்ணீரில் இறக்க நாள் குறித்தாயிற்று. அக்காவுக்கு ஒரே ஆசை. படகின் மூக்கு முதல் அலையைத் தொடுகிற நொடியைப் படமாக எடுத்து நடுவீட்டில் மாட்ட வேண்டும். அதற்காக எங்கள் தெரு ஸ்டுடியோ அண்ணனிடம் சொல்லியும் வைத்திருந்தாள்.

நான்தான் போய் அதை நிறுத்தினேன். அப்போது தண்டையார்பேட்டையில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் எனக்கு பில் போடுகிற வேலை. கூட வேலை பார்த்தவனின் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேமராவை ஒரு வாரத்துக்குக் கெஞ்சி வாங்கியிருந்தேன். பிலிம் காலமெல்லாம் முடிந்துவிட்டது, கழுவ வேண்டாம், காத்திருக்க வேண்டாம், எடுத்தவுடனே பார்த்துவிடலாம் என்று ஸ்டுடியோ அண்ணனுக்கே பாடம் நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, அப்ப நான் சாப்பாட்டுக்கு மட்டும் வந்துடறேன்" என்றார்.

ஒரு வாரமும் வீட்டில் பயிற்சி. காலண்டர், குத்துவிளக்கு, தூங்குகிற பூனை, தூங்குகிற அப்பா. எல்லாமே பளிச்சென்று விழுந்தன. பட்டனைப் பாதி அமுக்கி போகஸ் பிடித்து, பிறகு முழுசாக அமுக்க வேண்டும் என்கிற நுட்பமெல்லாம் கைவந்துவிட்டது. நான் எடுத்தவற்றில் ஒன்றுகூட அசையவில்லை என்பதை மட்டும் கவனிக்கத் தவறிவிட்டேன். அந்தக் காலத்துக் கேமரா அமுக்கியவுடனே எடுத்துவிடாது, கொஞ்சம் யோசிக்கும். பூனைக்கு அது போதும்.

பூஜையின்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். மாமா தேங்காய் உடைப்பதை எடுத்தேன். மாமா குனிந்து மூடியைப் பொறுக்குவது விழுந்தது. பூசணிக்காயை எடுத்தேன், சிதறல்தான் விழுந்தது. ஆனால் வெயிலில் அந்தக் குட்டித் திரையில் என் மூக்கைத் தவிர வேறொன்றும் தெரியாததால், எல்லாம் பிரமாதமாக வந்திருக்கும் என்றே நம்பினேன். மெமரி கார்டோ எட்டே எம்.பி. உயர்ந்த தரத்தில் வைத்தால் (வைக்காமல் விடுவேனா?) ஒன்பது படம்தான். படகைத் தள்ள ஆள்கள் தோள் கொடுத்தபோது மிச்சம் இருந்தது ஒன்று.

மாமாவும் இரண்டு ஆள்களும் படகில் ஏறி நின்றார்கள். பத்துப் பேர் தள்ளினார்கள். நான் பக்கவாட்டில் முழங்கால் தண்ணீரில் நின்று, மூக்கு அலையைத் தொட்ட அதே நொடியில் அமுக்கினேன். சத்தியமாக அதே நொடியில். கேமரா யோசித்தது. படகு போய்விட்டது. அதற்கப்புறம்தான் 'கிளிக்' என்றது.

துண்டால் தலையை மூடிக்கொண்டு திரையைப் பார்த்தேன். கடல் இருந்தது, நுரை இருந்தது. பத்துப் பேர் கையை நீட்டி வெறுங்காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் அக்கா, நனைந்த புடவையோடு, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். படகு மட்டும் இல்லை.

அந்தப் பதற்றத்தில்தான், கடலோரத்தில் பிறந்த எவனும் செய்யாத காரியத்தைச் செய்தேன். வேண்டாத படம் ஒன்றை அழித்து இடம் பண்ணிக்கொண்டு, கையைத் தட்டி, "மாமா, கரைக்குத் திருப்பு. இன்னொரு தபா தள்ளிக்கலாம்" என்று கத்தினேன்.

முதன்முதலாக இறங்கிய படகு ஒரு வலைகூடப் போடாமல் வெறுமனே கரை திரும்புவது எங்கள் பக்கத்தில் வாயால்கூடச் சொல்லக் கூடாத விஷயம். மாலை போட்டு வந்த மாப்பிள்ளையைத் திரும்பிப் போகச் சொன்ன மாதிரி. தள்ளிய பத்துப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா எஞ்சினைக் கிளப்பிக்கொண்டே, "மச்சான், அந்தப் பொட்டிய மூடிகினு நேரா வூட்டுக்குப் போ" என்றார்.

ஸ்டுடியோ அண்ணன் சொன்னபடி சாப்பாட்டுக்கு வந்திருந்தார், வெறுங்கையோடு. படத்தைப் பார்த்துவிட்டு, வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது என்றார். (அதற்குப் பதிலாக என்னை இரண்டு அறை விட்டிருக்கலாம்.) அக்கா கரண்டியை எடுத்துக்கொண்டு பரிமாறப் போய்விட்டாள். என் தட்டில் மட்டும் பிரியாணி பீஸ் இல்லாமல் வந்தது.

மறுநாள் விடியலில் மாமா வலை நிறைய வஞ்சிரத்தோடு வந்து சேர்ந்தார். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. (மீன் படாமல் போயிருந்தால் அந்தப் பழி இன்றுவரை என் தலையில்தான் இருந்திருக்கும்.) அக்காவும் மனசு இறங்கி, அந்தப் படத்தையே பிரிண்ட் போட்டு நடுவீட்டில் மாட்டினாள். வீட்டுக்கு வருகிறவர்கள் இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், எங்கள் படகு என்பாள். எங்கே காணோம் என்றால், "இப்பதான் போச்சு" என்பாள்.

சமீபத்தில் மாமா இரண்டாவது படகு இறக்கினார். அக்கா மகள் செல்போனில் முழுசாக வீடியோ எடுத்தாள். அக்கா என்னையும் ஒரு படம் எடுக்கச் சொன்னாள். எனக்கு அந்தப் பழைய பயம். இந்த முறை முந்திக்கொண்டேன். படத்தில் படகு தெளிவாக இருக்கிறது. மணலில். ஆள்கள் இன்னும் தோள்கூடக் கொடுக்கவில்லை.

அக்கா அதையும் பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். போன வாரம் விருந்துக்கு வந்த அக்காவின் சம்பந்தி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தண்ணீரில் இறங்குகிற படம் எங்கே என்று கேட்டார்.

"அத எவன் எட்தான்? அத நாங்க நேர்ல பாத்துகினோம்" என்றாள் அக்கா, பிரியாணி பரிமாறிக்கொண்டே.

என் தட்டில் இரண்டு பீஸ் இருந்தது.